‘எத்தனை மடங்கு?’: பெருக்கலை ஒப்பீடாகப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரியில் கடல் நடுவே நிற்கும் திருவள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி. அதில் பீடம் 38 அடி, அதன் மேல் நிற்கும் சிலை 95 அடி. கணபதி ஸ்தபதி வடிவமைத்து, 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட சிலை இது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள் பீடமாகவும், பொருட்பாலின் 70, காமத்துப்பாலின் 25 ஆகிய இரண்டும் சேர்ந்த 95 அதிகாரங்கள் சிலையாகவும் நிற்கின்றன. சரி, பீடத்தோடு வைத்துப் பார்த்தால் சிலை எவ்வளவு பெரியது?

“57 அடி அதிகம்” என்று சொல்லலாம். “பீடத்தைப் போல் இரண்டரை மடங்கு” என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. முதல் பதில் கழித்தலில் வருகிறது, இரண்டாவது பெருக்கலில் வருகிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் பதிலைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். இரண்டாவது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. காரணம் எளிது. பெருக்கல் என்றால் ‘திரும்பத் திரும்பக் கூட்டுவது’ என்று இரண்டாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தோம். அதோடு வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

திரும்பக் கூட்டுவது தவறான விளக்கம் இல்லை. 4 தட்டில் தலா 3 இட்லி என்றால் 3+3+3+3 என்று கூட்டுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வள்ளுவர் சிலையில் யாரும் பீடத்தின் மேல் பீடம் அடுக்கவில்லை. அங்கே இரண்டு அளவுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அவற்றுக்கு நடுவே ஓர் உறவு இருக்கிறது. அந்த உறவைச் சொல்லும் எண்தான் மடங்கு. விகிதம், சதவீதம், வட்டி, வரைபட அளவை, வேகம் என்று ஆறாம் வகுப்புக்கு மேல் வரும் முக்கால்வாசிக் கணக்கும் இந்த உறவின் மேல்தான் நிற்கிறது. அமெரிக்காவில் 2010-ல் வெளிவந்த பொதுப் பாடத் தரநிலைகளில், நான்காம் வகுப்புக் கணக்கின் முதல் வரியே இதுதான்: 35 = 5 × 7 என்பதை ‘7-ஐப் போல் 5 மடங்கு 35’ என்று மாணவர் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வயதிலேயே இதைத் தொடங்குவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

கீழே இருப்பது பெற்றோருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குமான வழி. ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. முதல் நான்கு பகுதிகளை வரிசையாகச் செய்யுங்கள். மற்றவற்றைப் பிள்ளையின் வயதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

1. வித்தியாசமும் மடங்கும் வேறு என்று முதலில் உணர வையுங்கள்

பிள்ளையிடம் இதைக் கேளுங்கள்: ஒரு தொட்டியில் 10 செ.மீ. உயரத்தில் ஒரு தக்காளி நாற்று. இன்னொரு தொட்டியில் 50 செ.மீ. செடி. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நாற்று 20 செ.மீ., செடி 60 செ.மீ. எது நன்றாக வளர்ந்திருக்கிறது?

“ரெண்டும் பத்து பத்துதான், சமம்” என்று வரும். உடனே திருத்த வேண்டாம், அது சரியான பதில்தான். “சின்னது முன்னாடி இருந்த மாதிரி இப்ப எத்தனை பங்கு இருக்கு? பெரியது எத்தனை பங்கு?” என்று மட்டும் கேளுங்கள். நாற்று இரண்டு பங்கு ஆகிவிட்டது. செடி இரண்டு பங்கு ஆக 100 செ.மீ. தொட்டிருக்க வேண்டும். அது 60-ல் நிற்கிறது. இரண்டு விதமாகப் பார்க்கலாம், இரண்டுக்கும் வேறு வேறு விடை வரும் என்பது பிள்ளைக்குப் பிடிபட்டால் இந்தப் பகுதி முடிந்தது.

எப்போது எது பொருந்தும்? இதற்கு இட்லி மாவைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்பது பல வீட்டுக் கணக்கு. விருந்தாளி வருகிறார்கள், கூடுதலாக அரைக்க வேண்டும். இரண்டிலும் இரண்டிரண்டு டம்ளர் கூட்டினால் என்ன ஆகும்? 6 டம்ளர் அரிசி, 3 டம்ளர் உளுந்து. முன்பு உளுந்தைப் போல் 4 மடங்காக இருந்த அரிசி இப்போது 2 மடங்குதான். இரண்டிலும் சமமாகத்தான் கூட்டினோம், ஆனாலும் மாவின் பதமே மாறிவிட்டது. பதம் மாறாமல் இருக்க 8-க்கு 2, 12-க்கு 3 என்று போக வேண்டும். அளவு மாறினாலும் உறவு மாறக் கூடாது என்கிற இடங்களில் மடங்குதான் பேசும். சமையல், மருந்துக் கலவை, சிமென்ட்–மணல் கலவை, பெயின்ட் எல்லாமே இந்த வகை.

2. எதை ‘ஒன்று’ என்று வைத்துக்கொள்கிறோம்?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதிக்குத்தான் நேரம் கிடைக்கும் என்றால் இதற்குக் கொடுங்கள். மடங்குக் கணக்கில் நடக்கும் பிழைகளில் பெரும்பகுதி, எதை ஒன்றாக வைத்து அளக்கிறோம் என்பதைக் கவனிக்காததால் வருகிறது.

கையால் அளந்து தொடங்குங்கள். பெஞ்சின் நீளத்தைப் பிள்ளை தன் சாணால் அளக்கட்டும். 8 சாண் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சாண் ஒரு முழம். “அப்படின்னா முழத்தால அளந்தா எத்தனை வரும்?” என்று கேளுங்கள். 16 என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. முழம் பெரியது, ஆகவே விடையும் பெரியது என்று மனம் ஓடுகிறது. அளக்க விடுங்கள். 4 முழம்தான் வரும். பெஞ்ச் அதே பெஞ்ச், ‘ஒன்று’ மாறியதால் எண் மாறியது. 4 முழம், முழத்துக்கு 2 சாண், ஆக 4 × 2 = 8 சாண்.

அடுத்து தண்ணீர். ஒரு டம்ளர், ஒரு சொம்பு, ஒரு வாளி எடுத்துக்கொள்ளுங்கள். சொம்பு எத்தனை டம்ளர் பிடிக்கும் என்று ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 5 என்று வந்தால், வாளியை டம்ளரால் நிரப்ப வேண்டாம், சொம்பால் நிரப்பினால் போதும். 12 சொம்பு பிடித்தால், டம்ளர் கணக்கில் 60. ஊற்றாமலே சொல்லிவிட்டான் என்றால், அவன் செய்தது வாய்ப்பாடு ஒப்பிப்பதைவிட ஆழமான பெருக்கல். ரஷ்யாவில் வசிலி தவிதோவ் வழிநடத்தி உருவாக்கிய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் பெருக்கலை அறிமுகப்படுத்துவதே இப்படித்தான். சிறிய அளவையால் அளக்கச் சலிப்பாக இருக்கிறது, பெரிய அளவைக்கு மாறுகிறோம், இரண்டு அளவைக்கும் உள்ள உறவைக் கொண்டு விடையைச் சொல்கிறோம். அங்கே பெருக்கல் கூட்டலின் நீட்சியாக வருவதில்லை, அளவையை மாற்றும் செயலாக வருகிறது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு வரைபடத்தை விரியுங்கள். தமிழ்நாட்டின் பரப்பு ஏறக்குறைய 1,30,060 சதுர கி.மீ. இலங்கையின் பரப்பு 65,610 சதுர கி.மீ. இலங்கையை ஒன்று என்று வைத்தால் தமிழ்நாடு கிட்டத்தட்ட இரண்டு. தமிழ்நாட்டை ஒன்று என்று வைத்தால் இலங்கை அரை. கேரளத்தை (சுமார் 38,860 சதுர கி.மீ.) ஒன்று என்று வைத்தால் தமிழ்நாடு மூன்றேகாலைக் கொஞ்சம் தாண்டும். தமிழ்நாடு மாறவே இல்லை. அதற்கு வந்த எண் மட்டும் 2, 1, 3.3 என்று மாறிக்கொண்டே இருக்கிறது. “தமிழ்நாடு எத்தனை மடங்கு?” என்று மொட்டையாகக் கேட்டால் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது.

வாக்கியக் கணக்கில் இந்த ‘ஒன்று’ எங்கே ஒளிந்திருக்கும்? பெரும்பாலும் ‘போல்’ என்ற சொல்லுக்கு முன்னால். “அக்காவிடம், தம்பியிடம் இருப்பதைப் போல் 3 மடங்கு கோலிக்குண்டுகள் உள்ளன.” ‘போல்’ முன்னால் தம்பி இருக்கிறான், ஆகவே தம்பியின் குண்டுகள்தான் ஒன்று. பிள்ளை அந்த இடத்தில் பென்சிலால் அடிக்கோடு போட்டுவிட்டு அதன் மேல் ‘1’ என்று எழுதட்டும். கணக்கைத் தொடும் முன் இதைச் செய்யும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

3. கட்டம் போட்டுக் காட்டுங்கள்

சிங்கப்பூரில் 1980-களிலிருந்து தொடக்கப்பள்ளிகளில் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வோர் அளவையும் ஒரு நீளக் கட்டமாக வரைவார்கள். சம அளவுக்குச் சமக் கட்டம். அங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இது பழகிய விஷயம்தான். எண் எழுதும் முன் படம், படத்திலிருந்து எண் என்பதுதான் அதன் ஒழுங்கு.

வள்ளுவர் சிலையை வரைவோம்:

பீடம்: ■■
சிலை: ■■■■■
மொத்தம்: ■■■■■■■

ஒரு கட்டம் 19 அடி. பீடம் 2 கட்டம், 38. சிலை 5 கட்டம், 95. மொத்தம் 7 கட்டம், 133. பீடத்தை ஒன்று என்று வைத்தால் சிலை இரண்டரை, மொத்தம் மூன்றரை. சிலையை ஒன்று என்று வைத்தால் பீடம் ஐந்தில் இரண்டு பங்கு. ஒரே படத்திலிருந்து இத்தனையும் கிடைக்கிறது. இதையெல்லாம் சூத்திரமாகச் சொன்னால் நாலாம் வகுப்புப் பிள்ளை திணறிவிடும். படத்தைப் பார்த்து விரலை வைத்து எண்ணினால் திணறாது.

ஒரு எச்சரிக்கை. கட்டங்கள் ஏறக்குறையவாவது சமமாக இருக்க வேண்டும். ஒன்று நீளமாகவும் இன்னொன்று குட்டையாகவும் வரைந்தால், படம் சொல்ல வேண்டியதையே சொல்லாது. கட்டம் போட்ட நோட்டைக் கொடுத்துவிடுங்கள்.

4. ஒரே வாக்கியம், மூன்று கேள்விகள்

மடங்கு ஒப்பீடு எதுவாக இருந்தாலும் அதன் எலும்புக்கூடு இதுதான்:

ஒன்றாக வைத்த அளவு × மடங்கு = ஒப்பிடும் அளவு

மூன்றில் எது தெரியாதோ அதுதான் கேள்வி. தம்பியிடம் 8, அக்காவிடம் அதைப் போல் 3 மடங்கு, அக்காவிடம் எத்தனை? 8 × 3 = 24. இது எல்லாருக்கும் வரும். தம்பியிடம் 8, அக்காவிடம் 24, எத்தனை மடங்கு? 24 ÷ 8 = 3. இதுவும் வந்துவிடும். மூன்றாவதுதான் சிக்கல்: “கயல்விழியிடம் 24 ஸ்டாம்புகள் உள்ளன. இது முகிலனிடம் இருப்பதைப் போல் 3 மடங்கு. முகிலனிடம் எத்தனை?”

வகுப்பில் இது இப்படி நடக்கும்:

“எழுபத்தி ரெண்டு டீச்சர்.”
“எப்படிப்பா வந்தது?”
“மூணு மடங்குன்னு இருக்கு. பெருக்கிட்டேன்.”
“சரி. யார்கிட்ட ஸ்டாம்பு அதிகம்னு கணக்கு சொல்லுது?”
“கயல்விழிகிட்ட.”
“நீ சொன்னபடி முகிலன்கிட்ட எத்தனை?”
“எழுபத்தி ரெ…” என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டு நோட்டைப் பார்க்கிறான்.

அவனுக்குப் பெருக்கத் தெரியாமல் இல்லை. ‘மடங்கு’ என்ற சொல்லைப் பார்த்ததும் × போட வேண்டும் என்று பழகிவிட்டான். ‘மொத்தம்’ என்றால் கூட்டு, ‘மீதி’ என்றால் கழி, ‘மடங்கு’ என்றால் பெருக்கு என்று குறிச்சொல் பட்டியலை நாம்தான் கொடுத்தோம். அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்வேன். அது எளிய கணக்கில் மதிப்பெண் வாங்கித் தரும், கொஞ்சம் திருப்பிக் கேட்டால் கவிழ்த்துவிடும். அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகள் போதும்: எது ஒன்று? எது பெரியது? முகிலனுடையது ஒன்று, ஒரு கட்டம். கயல்விழியுடையது மூன்று கட்டம். மூன்று கட்டம் 24 என்றால் ஒரு கட்டம் 8.

இந்த மூன்றாவது வகையில் மட்டும் பத்துக் கணக்காவது போட வையுங்கள். எண்கள் சிறியதாகவே இருக்கட்டும். இங்கே பழக வேண்டியது வாசிப்பு, பெருக்கல் அல்ல.

5. கூட்டுத்தொகையும் வித்தியாசமும் கலந்து வரும்போது

கட்டப் படத்தின் உண்மையான பலன் இங்கேதான் தெரியும். அண்ணன், தம்பி இருவரிடமும் சேர்த்து 96 ரூபாய். அண்ணனிடம் தம்பியைப் போல் 3 மடங்கு. தம்பி ஒரு கட்டம், அண்ணன் மூன்று கட்டம், மொத்தம் நான்கு. 96 ÷ 4 = 24. தம்பியிடம் 24, அண்ணனிடம் 72. இதே கணக்கில் “அண்ணனிடம் தம்பியைவிட 96 ரூபாய் அதிகம்” என்று மாற்றிப் பாருங்கள். கூடுதலாக இருப்பது இரண்டு கட்டம்தான். ஆக ஒரு கட்டம் 48. தம்பி 48, அண்ணன் 144. பெரிய வகுப்பில் x போட்டுச் செய்வதும் இதைத்தான்.

வயதுக் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். வித்தியாசம், மடங்கு இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க அதைவிட அழகான கணக்கு இல்லை. அம்மாவுக்கு 30, மகளுக்கு 6. அம்மாவின் வயது மகளைப் போல் 5 மடங்கு. இரண்டு வருடம் போனால் 32, 8. நான்கு மடங்கு. மகளுக்கு 12 ஆகும்போது அம்மாவுக்கு 36, மூன்று மடங்கு. மகளுக்கு 24 ஆகும்போது அம்மாவுக்கு 48, இரண்டே மடங்கு. வித்தியாசம் எப்போதும் 24-தான், அசையாது. மடங்கு மட்டும் இறங்கிக்கொண்டே வருகிறது. முதலில் வேகமாக இறங்கியது: இரண்டே வருடத்தில் 5-லிருந்து 4. பிறகு 3-லிருந்து 2-க்கு வர 12 வருடம் எடுத்தது. இனி அது ஒன்றை நெருங்கிக்கொண்டே இருக்கும், தொடவே தொடாது. பிள்ளையின் வயதையும் உங்கள் வயதையும் வைத்து இந்த அட்டவணையைப் போட்டுப் பாருங்கள். “நான் எப்ப உன் வயசுல பாதி ஆவேன்?” என்ற கேள்வி தானாக வரும். விடை வயது வித்தியாசத்திலேயே இருக்கிறது. பிள்ளையின் வயது அந்த வித்தியாசத்துக்குச் சமமாகும் வருடம்தான் அது.

6. மடங்கு முழு எண்ணாக இல்லாவிட்டால்

இரண்டரை மடங்கு, ஒன்றேகால் மடங்கு வரை பிள்ளைகள் சமாளிப்பார்கள். ஒன்றுக்குக் கீழே இறங்கும்போது தடுமாறுவார்கள். ‘பெருக்கினால் பெரியதாகும்’ என்ற நம்பிக்கை உள்ளே ஊறியிருக்கிறது. 38 × 2.5 = 95 என்று பார்த்த அதே சிலையில் 95 × ⅖ = 38 என்றும் காட்டுங்கள். பெருக்கினோம், சிறியதானது. சிலையை ஒன்று என்று வைத்ததால் பீடம் அதற்குள் அடங்கும் ஒரு பங்கு ஆகிறது, அவ்வளவுதான். மடங்கு ஒன்றைவிடப் பெரியதானால் விடை வளரும், ஒன்றாக இருந்தால் அப்படியே நிற்கும், ஒன்றைவிடச் சிறியதானால் சுருங்கும்.

இங்கே ஒரு பேச்சு வழக்கைத் தவிர்க்கச் சொல்வேன். “மூன்று மடங்கு குறைவு” என்று விளம்பரங்களில் வருகிறது. 90 ரூபாய்ப் பொருளில் ஒரு மடங்கு குறைந்தாலே பூஜ்யம், மூன்று மடங்கு எப்படிக் குறையும்? அவர்கள் சொல்ல வருவது ‘மூன்றில் ஒரு பங்கு’, அதாவது 30 ரூபாய். அப்படியே சொல்லப் பழக்குங்கள்.

7. மடங்கின் மேல் மடங்கு

நம் பழைய முகத்தல் அளவைகள் முழுக்க மடங்குச் சங்கிலிதான். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். ஒரு கலத்தில் எத்தனை ஆழாக்கு? ஒவ்வொரு கண்ணியிலும் ‘ஒன்று’ மாறிக்கொண்டே போகிறது, மடங்குகளைப் பெருக்கிக்கொண்டே போனால் போதும்: 2 × 2 × 2 × 8 × 12 = 768. கூட்டினால் 26 வரும், அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

சதவீதத்தில் இதே விதி நம் பையைத் தொடுகிறது. ஒரு பொருளின் விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் பழைய விலைக்கே வந்துவிடும் என்று பெரியவர்களே நினைக்கிறார்கள். 100 ரூபாய் 120 ஆகிறது. இறங்கும்போது 20 சதவீதம் கணக்கிடுவது 120-க்கு, ஆகவே 24 போய் 96 ஆகிறது. ‘ஒன்று’ நடுவில் மாறிவிட்டது. மடங்காக எழுதினால் 1.2 × 0.8 = 0.96, ஒரே வரி.

இன்னொன்று: 1,000 ரூபாய்ப் பொருளுக்கு 10 சதவீதத் தள்ளுபடியும் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. தள்ளுபடியை முதலில் கழித்தால் லாபமா, வரிக்குப் பிறகு கழித்தால் லாபமா? 0.9 × 1.18-ம் 1.18 × 0.9-ம் ஒன்றுதான். எப்படிப் பார்த்தாலும் 1,062 ரூபாய். கையிலிருந்து போகும் தொகை மாறாது.

8. ‘மடங்கு அதிகம்’ என்றால் எவ்வளவு?

20,000 ரூபாயாக இருந்த கட்டணம் 60,000 ஆகிவிட்டது. இதை எப்படிச் சொல்வது? 40,000 ரூபாய் அதிகம். மூன்று மடங்காகிவிட்டது. 200 சதவீதம் உயர்ந்துவிட்டது. மூன்றும் ஒரே உண்மை. ஆனால் “மூன்று மடங்கு அதிகரித்தது” என்று எழுதினால், ஒருவர் 60,000 என்று படிப்பார், இன்னொருவர் இருந்த 20,000-க்கு மேல் மூன்று மடங்கு சேர்ந்து 80,000 என்று படிப்பார். இரண்டு வாசிப்புக்கும் அந்த வாக்கியம் இடம் தருகிறது.

தீர்வு நம் மொழியிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. “மூன்று மடங்காக உயர்ந்தது” என்றால் 60,000, சந்தேகமே இல்லை. ‘மடங்காக’ என்பது போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்கிறது. சதவீத உயர்வோ, இருந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போனோம் என்பதைச் சொல்கிறது. ஆகவே சதவீத உயர்வை மடங்காக மாற்ற எப்போதும் ஒன்றைக் கூட்ட வேண்டும். 50 சதவீதம் உயர்ந்தால் 1.5 மடங்கு, 100 சதவீதம் உயர்ந்தால் 2 மடங்கு, 200 சதவீதம் உயர்ந்தால் 3 மடங்கு. ‘200 சதவீதம் உயர்வு’ என்றதும் இரட்டிப்பு என்று நினைத்துவிடும் பிழை பெரியவர்களிடமே சர்வசாதாரணம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வாரத்துச் செய்தித்தாளைக் கொடுத்து, மடங்கும் சதவீதமும் வரும் தலைப்புகளை வட்டமிட்டு, ஒவ்வொன்றிலும் எது ஒன்று என்று எழுதச் சொல்லுங்கள். சில செய்திகளில் அந்த ‘ஒன்று’ எங்குமே சொல்லப்படாமல் இருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

9. நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு?

20-க்கு 30 அடி மனை ஒன்று. 40-க்கு 60 அடி மனை ஒன்று. “ரெண்டு மடங்கு பெரிய மனை” என்றுதான் வாயில் வரும். கணக்கிட்டுப் பாருங்கள்: 600 சதுர அடி, 2,400 சதுர அடி. சென்னைப் பக்கம் இந்த 2,400-ஐத்தான் ஒரு கிரவுண்ட் என்கிறார்கள், சுமார் ஐந்தரை சென்ட். சின்ன மனை அதில் கால் கிரவுண்ட்தான். நீளமும் இரண்டு மடங்கு, அகலமும் இரண்டு மடங்கு, ஆகவே பரப்பு 2 × 2 = 4 மடங்கு. விலையும் அந்த நான்கு மடங்கைத்தான் பின்தொடரும்.

கன அளவில் இது இன்னும் வேகமாக ஏறும். ஒரு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள தண்ணீர்த் தொட்டி 1,000 லிட்டர் பிடிக்கும். மூன்றையும் இரண்டு மீட்டராக்கினால் 8,000 லிட்டர்.

வட்டத்துக்கும் இதே விதிதான். 8 அங்குல பீட்சாவைவிட 12 அங்குலத்தின் குறுக்களவு ஒன்றரை மடங்கு, பரப்பு இரண்டேகால் மடங்கு. கடையில் பெரியதன் விலை சிறியதைப் போல் இரண்டேகால் மடங்குக்குக் கீழே இருந்தால் பெரியதை வாங்குவதுதான் லாபம். வரிசையில் நிற்கும்போதே பிள்ளையை மனக்கணக்காகச் சொல்லச் சொல்லுங்கள்.

10. மடங்கு செல்லாத இடங்கள்

உதகையில் 20 டிகிரி செல்சியஸ், வேலூரில் 40 டிகிரி. வேலூரில் இரண்டு மடங்கு சூடு என்று சொல்லலாமா? அதே வெப்பநிலைகளை ஃபாரன்ஹீட்டில் எழுதினால் 68, 104. இப்போது ஒன்றரை மடங்குதான் வருகிறது. வெயில் மாறவில்லை, அளவுகோலை மாற்றியதும் மடங்கு மாறிவிட்டது என்றால் அந்த மடங்குக்கு அர்த்தமில்லை. காரணம், செல்சியஸில் பூஜ்யம் என்பது தண்ணீர் உறையும் இடம், வெப்பமே இல்லாத இடம் அல்ல. நீளம், எடை, பணம், எண்ணிக்கை எல்லாவற்றிலும் பூஜ்யம் என்றால் ஒன்றுமே இல்லை என்று பொருள், அதனால் அங்கே மடங்கு நிற்கிறது. வெப்பநிலையில் “20 டிகிரி அதிகம்” என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வகுப்பு ரேங்கும் இப்படித்தான். இரண்டாவது ரேங்க் வாங்கியவர் நான்காவது ரேங்கைவிட இரண்டு மடங்கு புத்திசாலி என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கு நேர் எதிரான அளவுகோலும் உண்டு. எண்ணில் வித்தியாசம் கொஞ்சமாகத் தெரியும், அதற்குள் மடங்கு மறைந்திருக்கும். நிலநடுக்கத்தின் அளவு அப்படிப்பட்டது. அதில் ஒரு படி ஏறினால் பதிவாகும் அதிர்வின் வீச்சு 10 மடங்கு, வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. இரண்டு படி ஏறினால் ஆற்றல் ஏறக்குறைய 1,000 மடங்கு. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் பகுதியைக் குலைத்த நிலநடுக்கத்தின் அளவு 7.7. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே ஏற்பட்டு, நாகப்பட்டினத்திலும் இலங்கைக் கரையிலும் சுனாமியாக வந்து மோதியதன் அளவு 9.1. கழித்துப் பார்த்தால் 1.4. ஆற்றலில் அது நூறு மடங்குக்கும் மேல்.